கொடுக்கும் முன் பழுதுபாருங்கள்

தியானப் பகுதி: எரேமியா 38:7-13; மாற்கு 1:16-20; கலாத்தியர் 6:1-2





கிறிஸ்து பிறப்புப் பண்டிகை நெருங்கும்போது நம் வீடுகளில் வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. பரணில் ஓராண்டாக ஏறிக் கிடந்தவை யாவும் கீழே இறங்குகின்றன. கால் ஆடும் நாற்காலி, சுற்றாத மின்விசிறி, மூடியில்லாத குக்கர், களிம்பேறிய பித்தளை அண்டா, துருப்பிடித்த தோசைக்கல், பொத்தான் உதிர்ந்த சட்டைகள் என்று முற்றம் நிறைந்துவிடுகிறது. நம் அயலகத்தார் போகியன்று செய்வதை நாம் டிசம்பரில் செய்கிறோம். அப்படி இறங்கிய பொருள்களுக்கு மூன்று வழிகளே உண்டு. இரும்பும் பித்தளையும் காயலான் கடைக்குப் போகின்றன. உடைந்த நெகிழிப் பொருள்கள் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. எஞ்சியவற்றைக் குறித்து வீட்டில் யாராவது ஒருவர் சொல்லுகிறார்: "கோவிலில் கொடுத்துவிடலாம். யாராவது ஏழைகளுக்கு உதவும்."

இந்த மூன்றாம் வழியைக் குறித்தே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். சிலருக்கு இது கசப்பாக இருக்கலாம்; ஆயினும் சொல்ல வேண்டியதாயிருக்கிறது. பழுதான பொருளைப் பழுதோடே ஏழையின் கையில் கொடுப்பது தர்மம் ஆகாது. நம் வீட்டுக் குப்பையை இன்னொருவர் வீட்டுக்கு மாற்றிவிட்டு, அதற்கு ஈகை என்று பெயர் வைக்கிறோம். அந்தப் பொருளையே எடுத்துத் துடைத்து, தைத்து, பூட்டி, ஓடவைத்துக் கொடுப்போமானால், அது ஆண்டவருக்குப் பிரியமான ஊழியமாகிறது. இரண்டு செயல்களிலும் கைமாறுகிற பொருள் ஒன்றுதான். கொடுக்கிறவர் அதற்காகச் செலவிட்ட நேரமே வேறுபாடு.

நாகப்பட்டினத்துச் சாலையோரம்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, நம் கடற்கரையில் நேரிட்டதை நாம் மறக்கவில்லை. அதன்பின் நாடெங்குமிருந்து லாரி லாரியாக உதவிகள் வந்தன. அரிசியும் போர்வையும் மருந்தும் வந்தன. அவற்றுக்காக இன்றும் நன்றி செலுத்துகிறோம். அவற்றோடு மூட்டை மூட்டையாகப் பழைய துணிகளும் வந்தன. நாகப்பட்டினம் முதலான இடங்களில் அத்துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்த காட்சி, அந்நாளைய செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

துணியில்லாதவர்கள் ஏன் துணியை எடுக்கவில்லை? அம்மக்களின் நிலையில் நின்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் முந்தின நாள்வரை கடலில் உழைத்து, தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் சம்பாத்தியத்தில் துணி எடுத்துக் கொடுத்தவர்கள். ஒரே காலையில் வீட்டையும் படகையும் வலையையும், பலர் பிள்ளைகளையும் இழந்தார்கள். மானம் ஒன்றே மிஞ்சியிருந்தது. அந்நேரத்தில் கிழிந்ததும் கறைபட்டதுமான துணியை லாரியிலிருந்து தள்ளிவிட்டுப் போனால், அந்த மானத்தையும் அல்லவா கேட்கிறோம்?

ஆனால் அந்தத் துணியின் கதை அங்கே முடியவில்லை. அன்ஷு குப்தா என்பவர் 1999-இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு, தமிழகத்தில் இவ்வாறு தேங்கிக் கிடந்த துணிகளைச் சேகரித்து எடுத்துக்கொண்டது. தரம் பிரித்தார்கள், துவைத்தார்கள், உடுக்கத் தக்கதை உடுக்கத் தந்தார்கள். உடுக்கத் தகாத பருத்தித் துணியையும் எறியாமல், சுத்தம் செய்து, வெட்டி, ஏழைப் பெண்களின் மாதவிடாய் நாட்களுக்கான துணிப்பட்டைகளாகத் தைப்பது அவர்களுடைய வழக்கம். சாலையோரத்தில் அவமதிப்பாய்க் கிடந்த அதே துணி, பலருடைய கைகள் அதன்மேல் பட்டபோது பயனுள்ளதாயிற்று.

மல்கியா தீர்க்கதரிசியின் முதலாம் அதிகாரத்தில் தேவன் தம் ஜனத்தாரோடு வழக்காடுகிறார். குருடானதும் முடமானதுமான மிருகத்தைப் பலிபீடத்துக்குக் கொண்டுவருகிறீர்களே, அதை உங்கள் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், அவன் ஏற்றுக்கொள்வானோ என்பதே அவருடைய கேள்வியின் சாரம். நம் வீட்டுக்குப் பேராயர் வந்தால் அந்த நாற்காலியில் அவரை அமர்த்துவோமா? அமர்த்த மாட்டோம் என்றால், மிகவும் சிறியவருக்குச் செய்வது தமக்கே செய்தது என்று சொன்ன ஆண்டவரை மட்டும் அதில் எப்படி அமர்த்துகிறோம்?

பொக்கிஷசாலைக்குக் கீழே கிடந்த கந்தை

பழைய பொருளே கொடுக்கத் தகாதது என்று நான் சொல்லவில்லை. வேதத்தில் ஒரு பெரிய மீட்பு, கந்தைத் துணியைக்கொண்டு நடந்திருக்கிறது.

எரேமியாவைப் பிரபுக்கள் துரவில் இறக்கிவிட்டார்கள். அதில் தண்ணீர் இல்லை, சேறு இருந்தது, தீர்க்கதரிசி அதில் அமிழ்ந்துகொண்டிருந்தார். எருசலேமில் வேதபாரகரும் ஆசாரியரும் இருந்தும், அவருக்காக ராஜாவிடம் பேசத் துணிந்தவன் அந்நியனாகிய எத்தியோப்பியன் எபெத்மெலேக் ஒருவனே. ராஜா அனுமதி கொடுத்தவுடன் அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே துரவுக்கு ஓடவில்லை. அரண்மனையில் பொக்கிஷசாலைக்குக் கீழிருந்த இடத்துக்குப் போய், அங்கே கிடந்த பழந்துணிகளைப் பொறுக்கி எடுத்தான். அவற்றைக் கயிற்றிலே கட்டி இறக்கி, அக்குள்களுக்கும் கயிற்றுக்கும் நடுவே வைத்துக்கொள்ளும்படி எரேமியாவிடம் சொன்னான்.

இந்தச் சிறு விவரத்தை ஆவியானவர் ஏன் எழுதி வைத்தார்? சேற்றில் கிடந்து மெலிந்த ஒரு முதியவரை வெறுங்கயிற்றால் இழுத்தால் தோல் உரிந்துவிடும் என்று அந்த மனிதன் முன்கூட்டியே நினைத்தான். எந்தத் துணி எங்கே உதவும் என்பதை, பெறுகிறவருடைய உடம்பின் வலியை எண்ணித் தீர்மானித்தான். கந்தை கந்தையாகவே இருந்தது. ஆனால் அது அக்கறையோடு தெரிந்தெடுக்கப்பட்டது. கூட அன்பாய்ச் சொல்லப்பட்ட ஒரு வார்த்தையும் இருந்தது. மேலே பொக்கிஷசாலையில் இருந்த பொன் அன்று எரேமியாவுக்கு உதவவில்லை. அதற்குக் கீழே எவரும் மதியாமல் கிடந்த துணி உதவிற்று.

ஆகவே, "இது பழையதா, புதியதா?" என்பதைக் காட்டிலும், "இதைப் பெறப்போகிறவரை நான் நினைத்துப் பார்த்தேனா?" என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வலையும் மனிதனும்

இயேசு கலிலேயாக் கடலோரமாய் நடந்துபோனபோது யாக்கோபும் யோவானும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? படகிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். கிரேக்க மூலத்தில் இங்கே வருகிற வினைச்சொல் கதார்டிஸோ என்பது. இதே சொல்லைத்தான் பவுல் அப்போஸ்தலன் கலாத்தியர் 6:1-இல் எடுத்தாளுகிறார். ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால், ஆவிக்குரியவர்கள் சாந்தமுள்ள ஆவியோடே அவனைச் சீர்ப்படுத்த வேண்டும் என்கிறாரே, அந்தச் சீர்ப்படுத்தலும் வலையைப் பழுதுபார்க்கும் அதே செயல்தான். பேதுரு தம் முதலாம் நிருபத்தின் முடிவில், பாடுபட்ட விசுவாசிகளைத் தேவன் தாமே சீர்ப்படுத்துவார் என்று சொல்லும்போதும் இச்சொல்லே வருகிறது. முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்துவதற்கும் கிரேக்க வைத்தியர்கள் இதை வழங்கினார்கள்.

பொருளைச் சீர்ப்படுத்துவதும் மனிதனைச் சீர்ப்படுத்துவதும் வேதத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஆகையால் பழுதுபார்க்கும் கைத்தொழில்களிடம் நாம் கற்க வேண்டியது மிகுதியாயிருக்கிறது. நம் ஊர்களில் அருகிவரும் மூன்று வேலைகளை மட்டும் பாருங்கள்.

முதலாவது, ஈயம் பூசுதல். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த குழம்பு நின்றால் களிம்பு ஏறும், உணவு கெடும். அதைத் தடுக்கவே உட்புறத்தில் வெள்ளீயம் பூசுகிறார்கள். பூசுகிறவர் முதலில் பாத்திரத்தின் உட்புறத்தை மணல் போட்டுத் தேய்த்து, பழைய கறையையெல்லாம் போக்குகிறார். பின்பு துருத்தி ஊதி எரியும் கரிமேல் அதைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தைத் தொட்டுவைத்து, உருகும் கணத்திலேயே துணியால் சுற்றிலும் தேய்த்துப் பரப்புகிறார். ஈயம் 232 டிகிரி செல்சியசில் உருகும். சூடு குறைந்தால் ஒட்டாது, மிகுந்தால் கருகிப்போகும், கறை இருந்த இடத்தில் எவ்வளவு பூசினாலும் பிடிக்காது. வேலை முடிந்த பாத்திரம் வெளியே பார்ப்பதற்கு ஏறக்குறைய முன்போலவே இருக்கிறது. மாற்றம் உள்ளே நடந்திருக்கிறது. மனந்திரும்புதலைக் குறித்து இதைவிட நல்ல விளக்கம் வேறென்ன வேண்டும்?

இரண்டாவது, துருப்பிடித்த தோசைக்கல். வார்ப்பிரும்பில் ஏறிய துரு பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்பது. உப்பும் புளியும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் அது போய்விடும். ஆனால் தேய்த்த அன்றைக்கே தோசை வராது. வடிகஞ்சியில் ஊறவைத்து, கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவிச் சூடேற்ற வேண்டும்; மறுநாளும் அப்படியே; அதற்கு மறுநாளும் அப்படியே. இதற்கு நம் தாய்மார் வைத்த பெயர் "கல்லைப் பழக்குதல்". புதிதாய் மனந்திரும்பி வந்தவரிடம் முதல் ஞாயிற்றுக்கிழமையே எல்லாக் கனிகளையும் எதிர்பார்த்து, காணாமல் சலித்துக்கொள்ளும் சபையார் இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கால் ஆடும் நாற்காலி. ஆட்டம் கண்டவுடன் ஓர் ஆணியை எடுத்து ஓங்கி அடிப்பது நமக்கு எளிதாயிருக்கிறது. சில வாரங்கள் அது நிற்கும். பின்பு ஆணி அடித்த இடத்திலேயே மரம் பிளந்துபோகும். அதன்பின் தச்சராலும் உதவ முடியாது. கைதேர்ந்த தச்சர் ஆணியைத் தேடுவதில்லை. இணைப்பைப் பொறுமையாய்க் கழற்றி, உள்ளே காய்ந்துபோன பழைய பசையைச் சுரண்டி, புதிய பசை தடவிப் பொருத்தி, கயிற்றால் இறுகக் கட்டி, ஒரு நாள் அசையாமல் விட்டுவைக்கிறார். குடும்பங்களில் விரிசல் காணும்போது நாம் சொல்லும் அறிவுரைகள் பல, ஓங்கி அடித்த ஆணிகளே. காய்ந்துபோனது எது என்று கழற்றிப் பார்க்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. பவுல் "சாந்தமுள்ள ஆவி" என்று குறிப்பிட்டது இதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

பாஸ்டன் நகரத்துப் போதகர் ஒருவர்

இவ்விரண்டு சீர்ப்படுத்தல்களையும் ஒரே கூரையின் கீழ்ச் செய்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஏழைக் குடியேறிகள் நிறைந்த தென்பகுதியில் மார்கன் சிற்றாலயத்தின் மெதடிஸ்டுப் போதகராக இருந்த எட்கர் ஹெல்ம்ஸ் என்பவர் அவர். 1902-ஆம் ஆண்டு முதல், வசதியுள்ளோர் வீடுகளிலிருந்து வேண்டாத துணிமணிகளையும் வீட்டுப் பொருள்களையும் சாக்குகளில் சேகரித்தார்.

அவர் அவற்றை அப்படியே ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறையில் நிறைவு காணவில்லை. வேலையற்றிருந்தவர்களைக் கூப்பிட்டு, அவற்றைத் தைக்கவும் பழுதுபார்க்கவும் பயிற்றுவித்தார். சீரான பொருள்கள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன; அந்தப் பணத்திலிருந்து பழுதுபார்த்தவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. வாங்க வந்த ஏழையும் காசு கொடுத்து வாங்குகிறவராய் வந்தார். தலை குனிந்து நிற்க அவசியம் ஏற்படவில்லை. தர்மத்தைக் காட்டிலும் ஒரு வாய்ப்பைக் கொடுப்பதே மேலானது என்பது அவருடைய கொள்கை. இன்று குட்வில் என்ற பெயரில் பல நாடுகளில் அறியப்படுகிற பணி இப்படித்தான் தொடங்கிற்று. அவருக்கும் முன்னே, 1890-இல் இரட்சணிய சேனையின் ஸ்தாபகர் வில்லியம் பூத் தம் நூலில், லண்டன் வீடுகளின் கழிவுப் பொருள்களைச் சேகரித்து மறுபடியும் பயன்படுத்தும் வேலையை வேலையற்றோர் கையில் ஒப்புவிக்கும் திட்டத்தை விவரித்திருந்தார்.

ஹெல்ம்ஸ் செய்ததில் நான் கவனிப்பது இது: எறியப்பட்ட பொருளை எறியப்பட்ட மனிதனின் கையில் கொடுத்தார். பொருள் சீரடைந்தபோது, அதைச் சீர்ப்படுத்தியவனும் தன்னால் ஒரு காரியம் ஆகும் என்று அறிந்துகொண்டான். நாமோ ஏழைகளை எப்போதும் பெறுகிறவர்களின் வரிசையிலேயே நிறுத்துகிறோம். பழுதுபார்க்கிறவர்களின் வரிசையில் அவர்களை நிறுத்திப் பார்த்ததுண்டா?

நம்மில் எழும் மறுப்புகள்

"அப்படியானால் ஒன்றையும் எறியக் கூடாதா?" என்று கேட்பீர்கள். எறிய வேண்டியவை உண்டு. எரேமியா 18-ஆம் அதிகாரத்தில் குயவன் கையில் கெட்டுப்போன மண் மறுபடியும் வேறொரு பாண்டமாகிறது; அடுத்த அதிகாரத்திலோ சுட்ட கலசம் உடைக்கப்படுகிறது, அது மறுபடி சேராது. பழுதுபார்க்கத் தக்கதையும் தகாததையும் பகுத்தறிவதும் ஞானமே. பாதுகாப்பு வால்வு கெட்ட குக்கரை, சரியான உதிரிப்பாகம் போடாமல் எவருக்கும் கொடுக்காதீர்கள். மின்கம்பியின் உறை வெடித்த இஸ்திரிப்பெட்டியை, கம்பியை மாற்றாமல் கொடுக்காதீர்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயில் ஈயம் என்கிற காரீயம் உண்டு; குழல் விளக்கில் பாதரசம் உண்டு. இவற்றைக் குப்பையில் போட்டால், உடைக்கிற ஏழையின் நுரையீரலுக்குள் போகும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

"எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லுகிறீரோ?" என்றும் கேட்கலாம். இல்லை. என்றாவது பழுதுபார்ப்பேன் என்று பத்து ஆண்டுகளாகப் பரணில் அடுக்கிவைப்பதும், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் புத்தியே. பழுதுபார்ப்பதற்கு ஒரு நாளைக் குறியுங்கள். அந்த நாளுக்குள் முடியாவிட்டால், முடிக்கக்கூடியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

"பழைய பொருளுக்கு இப்போது நல்ல மதிப்பு இருக்கிறதே" என்பார் சிலர். உண்டு. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு மாளிகைகளின் கதவுகளும் தேக்குத் தூண்களும் இனாமல் பாத்திரங்களும் விலைக்கு அடுக்கப்பட்டிருக்கக் காணலாம். அவை அழிந்துபோகாமல் காக்கப்படுவது நல்லதே. ஆனால் அங்கே வாங்கப்பட்ட சோற்றுப் பாத்திரத்தில் பெரும்பாலும் எவரும் சோறு உண்பதில்லை. அது வரவேற்பறையில் அழகுக்கு இருக்கிறது. நம் ஆண்டவர் நம்மைச் சீர்ப்படுத்துவது அலமாரியில் வைப்பதற்காக அல்லவே. எஜமானுக்கு உபயோகமான பாத்திரமாயிருக்க வேண்டும் என்பதே பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னது.

"பழுதுபார்க்கும் கூலிக்குப் புதியதே வாங்கிவிடலாம்" என்பது நாம் அடிக்கடி கேட்கிற மறுப்பு. சில பொருள்களில் அது உண்மை. பலவற்றில் கேட்டுப் பாராமலே அப்படிச் சொல்லுகிறோம். மெதுவாய்ச் சுற்றும் மின்விசிறியில் பெரும்பாலும் கண்டென்சர் ஒன்றுதான் பலவீனமாயிருக்கும். அதன் விலை புதிய விசிறியின் விலையில் மிகச் சிறிய பங்கு. மிக்சியில் கார்பன் தேய்ந்திருக்கும். தையல் இயந்திரத்துக்குப் பெல்ட்டும் எண்ணெயும் போதுமானதாயிருக்கும். அந்தத் தையல் இயந்திரம் ஒரு விதவையின் வீட்டில் ஓடத் தொடங்கினால், அதற்குச் செலவிட்ட சில நூறு ரூபாயின் பலனை யார் கணக்கிட முடியும்?

விலை பேசும் நாவு

இங்கே இன்னொரு காரியத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. பழைய பொருளை வாங்கும்போதும் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் நம் நாவு எப்படிப் பேசுகிறது? வாங்குகிறவன் பொருளைக் குறை சொல்லிச் சொல்லி விலையைக் குறைத்துவிட்டு, அப்பால் போய்த் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்கிறான் என்று நீதிமொழிகள் 20:14 நம்மை நேரில் பார்த்ததுபோல் எழுதியிருக்கிறது. பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். தெருவில் பிரம்பு நாற்காலி பின்ன வந்தவரிடமும், குடை பழுதுபார்ப்பவரிடமும், அம்மி கொத்துகிறவரிடமும், பழைய இரும்பு எடுக்க மிதிவண்டியில் வந்தவரிடமும் பத்து ரூபாய்க்காகக் கால்மணி நேரம் வாதாடுகிறோம். அவர்கள் நம் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டால், பழுதுபார்க்க ஆள் கிடைப்பதில்லை என்று பிற்பாடு குறைப்படுகிறோம். நியாயமான கூலியை, கேட்கும் முன் கொடுக்கப் பழகுங்கள்.

யோவாசின் பெட்டி

சபைக்கும் ஒரு வார்த்தை. யோவாஸ் ராஜாவின் நாட்களில் தேவாலயம் பழுதடைந்திருந்தது. காணிக்கை வந்துகொண்டிருந்தது, ஆனால் பழுதுகளோ பல ஆண்டுகளாக அப்படியே இருந்தன. அப்பொழுது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தின் அருகே வைத்தான். அதில் சேர்ந்த பணம் வெள்ளிக் கிண்ணங்களுக்குப் போகவில்லை. தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் போயிற்று. இதை 2 இராஜாக்கள் 12-இல் வாசிக்கிறோம். பழுதுபார்த்து முடிந்தபின் மீந்த பணத்திலேயே பணிமுட்டுகள் செய்யப்பட்டன என்று 2 நாளாகமம் 24 சேர்த்துச் சொல்லுகிறது. முதலில் பழுது, பின்பு அலங்காரம் என்ற இவ்வரிசை, நம் சபைகளின் வரவுசெலவுக் கணக்கிலும் இருக்குமானால் எவ்வளவு நலமாயிருக்கும்.

ஆகையால் என் ஆலோசனை இது. ஆலய வளாகத்தில் ஓர் அறையையும், மாதத்தில் ஒரு சனிக்கிழமையையும் இதற்கென்று ஒதுக்குங்கள். நம் சபைகளில் மின்பணியாளர்களும் தச்சர்களும் தையல் அறிந்த சகோதரிகளும் இருக்கிறார்கள். பாடகர் குழுவில் இடம் கிடைக்காத, கூட்டத்தில் ஜெபிக்கக் கூச்சப்படுகிற பலருக்கு இந்த வரம் உண்டு. அவர்களிடம் வாலிபர்கள் கற்றுக்கொள்ளட்டும். வேலையற்றவர்கள் செய்தால் கூலி கொடுங்கள். சீரான பொருள்களைச் சிறு விலைக்கு விற்பனைக்கு வையுங்கள். விலை கொடுக்க இயலாதவரின் வீட்டுக்கு, இருட்டின பின்பு, பெயர் சொல்லாமல் கொண்டுபோய்ச் சேருங்கள். அறுப்பின் பண்டிகையில் ஒரு வாழைத்தாரை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற நாம், இதையும் செய்யக் கூடியவர்களே.

எறியப்பட்டவர்கள்

பிரியமானவர்களே, பொருள்களைக் குறித்து இவ்வளவு பேசியது ஏன்? பொருள்களிடத்தில் நாம் பழகுகிற பழக்கம் மனிதர்களிடத்திலும் வந்துவிடுகிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்ற பேச்சை, வயது சென்றவர்களைப் பார்த்துக் கேலியாகச் சொல்லுகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. குடியிலிருந்து மீளப் போராடுகிற சகோதரன் இரண்டாம் முறை விழுந்தவுடன், "இனி இது தேறாது" என்கிறோம். சிறையிலிருந்து திரும்பினவருக்குக் கடைசி இருக்கை. மணமுறிவு நேர்ந்த சகோதரிக்கு மௌனம். ஒரு பொருளைக் கையில் எடுத்து, எங்கே பழுது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கும் பொறுமை இல்லாத வீட்டில் வளருகிற பிள்ளைக்கு, மனிதர்களிடம் மட்டும் அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்தபின், மீதியான துணிக்கைகளைச் சேர்க்கும்படி நம் ஆண்டவர் சீஷர்களுக்குச் சொன்னார். அப்பங்களைப் பெருகச்செய்ய வல்லவருக்குத் துணிக்கைகள் எதற்கு? ஒன்றும் வீணாய்ப் போகக் கூடாது என்பது அவருடைய சுபாவம். அந்தச் சுபாவத்தினால்தான் நாம் இன்று பிழைத்திருக்கிறோம். நம்மைக் கண்டெடுத்தபோது நாம் நல்ல நிலையில் இருந்ததாக நம்மில் ஒருவரும் சாட்சி சொல்ல முடியாது.

இவ்வாரத்தில் செய்ய:

1. கொடுப்பதற்கென்று வைத்திருக்கும் பையைத் திறந்து, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பாருங்கள். இதை என் சகோதரிக்குக் கொடுப்பேனா என்று கேளுங்கள்.

2. ஒரே ஒரு பொருளை இந்தச் சனிக்கிழமைக்குள் பழுதுபாருங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

3. நீங்கள் "இனி தேறாது" என்று விட்டுவிட்ட ஒரு மனிதரின் பெயரை எழுதி, அவருக்காக ஜெபித்து, அவரைப் போய்ப் பாருங்கள்.

ஜெபம்

அன்பின் பரலோக பிதாவே, எங்களைத் தேடிக் கண்டெடுத்த உமது குமாரனுக்காக ஸ்தோத்திரம். எங்கள் பழுதுகளை அறிந்தும் எங்களை எறிந்துவிடாதிருந்தீர். எங்கள் கைகளுக்குப் பொறுமையையும், எங்கள் நாவுக்கு நியாயத்தையும், எங்கள் ஈகைக்கு அன்பையும் தாரும். நாங்கள் கொடுப்பது எவரையும் தலை குனியச் செய்யாதபடி காத்தருளும். எங்கள் சபை, உடைந்தவர்கள் பயமின்றி வந்து சீரடையும் இடமாயிருக்கட்டும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே. ஆமென்.